டாக்கோ கடை ஆரஞ்சு சாஸ்: எண்ணெய் பிரியாமல், கசக்காமல் வர என்ன வழி?

அல்சூர்வாசி
மெக்சிகன் டாக்கோ கடைகளில் பிழியும் பாட்டிலில் வைத்திருப்பார்களே, ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று ஒரு காரச் சாஸ், அதை வீட்டில் செய்ய வேண்டும். முட்டை, மயோனைஸ் எதுவும் சேராமல் அந்தக் கெட்டிப் பதம் எப்படி வருகிறது? அவர்கள் போடும் சிலே தே ஆர்போல் மிளகாய்க்குப் பதில் பெங்களூரில் எதை வாங்கலாம்? குண்டூர் மிளகாயை வறுத்துப் போட்டால் கசக்கிறது. ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தால் எண்ணெய் மேலே வந்து நிற்கிறது.

மல்லேஸ்வரம் அடுப்படி
அந்தப் பதத்தைத் தருவது எண்ணெய்தான். நைசாக அரைபட்ட மிளகாய்ச் சதையும் பூண்டும் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிடித்து வைக்கின்றன. சிவப்பு வெளுத்து ஆரஞ்சாவதும் அதனால்தான். அரைப்பு கொஞ்சம் திப்பியாக இருந்தாலும் பிடிமானம் போய்விடும். மறுநாள் எண்ணெய் மிதக்கும்.

மிளகாய்க்குக் கலப்புதான் சரி. ஆர்போலில் காரம் தூக்கல். கர்நாடகத்துப் பியாடகி மிளகாயில் நிறம் உண்டு, காரம் போதாது. குண்டூரில் காரம் உண்டு, அதை மட்டும் போட்டால் நாக்கு தாங்காது. காம்பும் விதையும் நீக்கிய பிறகு பியாடகி 10 கிராம், குண்டூர் 5 கிராம் எடுங்கள். ரஸல் மார்க்கெட்டிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ இரண்டும் கிடைக்கும். வளைத்தால் நொறுங்காமல் மடங்குகிற மிளகாயாகப் பார்த்து வாங்குங்கள்.

2 மேசைக்கரண்டி எண்ணெயைச் சிறு தீயில் காயவைத்து 5 பல் பூண்டு, கால் வெங்காயம் போட்டு லேசாகப் பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். அடுப்பை அணைத்துவிட்டு மிளகாயைப் போட்டு 20 விநாடி புரட்டினால் போதும், அந்தச் சூடே வறுத்துவிடும். கசப்பு வருவது இந்த இடத்தில்தான். மிளகாயின் தோல் மெல்லியது. நெடி மூக்கில் ஏறி இருமல் வந்தால் கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கருகியதை உப்போ சர்க்கரையோ சரிசெய்யாது, கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

உடனே 200 கிராம் தக்காளி, 100 மி.லி. தண்ணீர் சேர்த்து, மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, மூடி 10 நிமிடம் வேகவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு 2 நிமிடம் அரைத்து, வடிகட்டுங்கள். பியாடகியின் சுருங்கிய தோல் நம் மிக்ஸியில் முழுதாக மசியாது, ஆகையால் வடிகட்டுவதை விடவே கூடாது. வடித்ததை மறுபடி ஜாரில் ஊற்றி, ஓடும்போதே 60 மி.லி. எண்ணெயை நூல் போல விடுங்கள்.

அல்சூர்வாசி
நன்றிங்க. சட்னி ஜார் மூடியில் துளை கிடையாதே, நூல் போல எப்படி விடுவது? எண்ணெய் நல்லெண்ணெய் ஆகுமா?

மல்லேஸ்வரம் அடுப்படி
ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 15 விநாடி ஓட்டல், அடுத்த கரண்டி. இப்படி நான்கு தடவை. ஜார் தொட்டால் சுடுகிறதென்றால் 5 நிமிடம் நிறுத்துங்கள், சூட்டில் துளிகள் ஒன்றுசேர்ந்து பிரிந்துவிடும்.

நல்லெண்ணெயும் செக்குக் கடலை எண்ணெயும் வாசனையால் மிளகாயை அமுக்கிவிடும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் வேகமாகச் சுற்றும்போது கசப்பைக் கக்கும். ரீஃபைண்ட் சூரியகாந்திதான் இதற்குப் பொருத்தம்.

பிரிந்துவிட்டால் கவலை வேண்டாம்: காலி ஜாரில் ஒரு மேசைக்கரண்டி வெந்த தக்காளி விழுதைப் போட்டு ஓட்டிக்கொண்டே, பிரிந்த சாஸைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள்.

ஃப்ரேசர் டவுன் பசி
பீட்சாவோடு வரும் ஆரிகனோ பொட்டலத்தை இதில் கொட்டாதீர்கள். மெக்சிகன் ஆரிகனோ வேறு குடும்பச் செடி, அதில் எலுமிச்சைச் சாயல் இருக்கும். நமக்குக் கிடைப்பது புதினா குடும்பத்துச் செடி. போடாமல் விட்டாலே சாஸ் நன்றாக இருக்கும். பச்சை சாஸ் வேண்டுமென்றால் டொமாட்டில்லோ என்ற புளிப்பான மெக்சிகன் பச்சைக் காய்க்குப் பதிலாகப் பழுக்காத தக்காளியைச் சுட்டு, கொஞ்சம் எலுமிச்சை பிழியலாம்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெயில் மூழ்கிய பூண்டை அறைச்சூட்டில் வைத்தால் போட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நஞ்சு உருவாக வாய்ப்புண்டு, வாசனையில் அது தெரியாது. இங்கே கடைகளில் கிடைக்கும் வினிகர் பெரும்பாலும் 4 சதவீதந்தான். ஒரு மேசைக்கரண்டி வினிகரை நம்பி வெளியே வைக்க முடியாது. செய்த அன்றே கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, 5 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் உறையவைக்கலாம். உருகியதும் எண்ணெய் பிரிந்திருக்கும், மிக்ஸியில் 10 விநாடி ஓட்டினால் சேர்ந்துகொள்ளும்.