1,500 திர்ஹாம் கூடக் கிடைக்கிறது, வேலை மாறலாமா? வியாழனுக்குள் பதில் சொல்ல வேண்டும்

திருமங்கலத்தான்:
அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுரை பக்கம் திருமங்கலம். ஷார்ஜாவில் ஒரு டிரேடிங் கம்பெனியில் கணக்கு வேலை, வந்து பத்து மாதம் ஆகிறது. இப்போது 5,500 திர்ஹாம். துபாயில் ஒரு கம்பெனி 7,000 தருகிறேன் என்கிறது. வியாழக்கிழமை, அக்டோபர் 23ஆம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். 1,500 என்றால் ஊர்க் கணக்கில் மாதம் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். வீட்டில் சொன்னால் "அப்புறம் என்ன யோசனை" என்கிறாள். எனக்குத்தான் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. மாறலாமா, கூடாதா?

மேலூர் மச்சான்:
கண்ணை மூடிக்கொண்டு மாறு தம்பி. நாம் எல்லோருமே முதல் சம்பளத்துக்குத் தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறியவர்கள்தான். 2011இல் நான் வந்தபோது 1,800 திர்ஹாம். துபாய் தேராவில் ஒரு ரூமில் எட்டுப் பேர், எனக்கு மேல் பெட். ஏசி காற்று நேராக மண்டையில் இறங்கும், துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பேன். குளிக்க முறை வைத்திருந்தார்கள், என் முறை காலை 4.40. அதைத் தவறவிட்டால் அன்று குளியல் கிடையாது. மூன்றாம் வருடம் மாறினேன், சம்பளம் இரண்டு மடங்கு ஆனது. முன்னாடியே மாறாமல் போனோமே என்று இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

சிம்மக்கல் பாய்:
மச்சான் சொல்வதைக் கேட்டு அவசரப்படாதே. ஒரு வருடம் முடியாமல் போனால் ஆறு மாதம் லேபர் பேன், அதாவது வேறு வேலையில் சேரத் தடை, அடித்துவிடுவார்கள். என் ரூம்காரர் ஒருவருக்கு அடித்து, ஊரில் போய் உட்கார்ந்திருந்தார். வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டியும் காலணா வராது.

தெப்பக்குளம் அக்கா:
பாய், பேன் கதை பழைய சட்டத்தில். 2022 பிப்ரவரி 2இல் இருந்து நடப்பில் இருப்பது வேறு சட்டம். புரொபேஷன் அதிகபட்சம் ஆறு மாதம். அது முடிந்தவர் ஒப்பந்தத்தில் உள்ளபடி நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாறலாம். நோட்டீஸ் 30 நாளில் இருந்து 90 நாள் வரை இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போனால்தான் வம்பு. ஒரு வருடம் முடியாமல் கிராஜுவிட்டி இல்லை என்பது மட்டும் சரி.

தம்பி, நீ கேட்டதற்கு இப்போதைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 5,500இல் பேசிக் எவ்வளவு? 7,000இல் எவ்வளவு? ரூம் யார் கொடுக்கிறார்கள்? நோட்டீஸ் எத்தனை நாள்? புது இடம் நாட்டின் பொதுச் சட்டத்தில் வரும் மெயின்லேண்டா, தனி வணிகப் பகுதியான ஃப்ரீ ஸோனா? துபாய் நிதி மையமான டி.ஐ.எஃப்.சி. என்றால் சட்டமே வேறு.

வடபழஞ்சி ரிட்டர்ன்:
ஒன்பது வருடம் அபுதாபியில் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். அங்கே 7,000 என்று கையில் வாங்கி மாதக் கடைசியில் எண்ணினால் இங்கே வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் நான் வாங்குவதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளையை வண்டியில் வைத்துத் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். இதற்கு யார் திர்ஹாமில் விலை போடுவது?

மேலூர் மச்சான்:
ஒன்பது வருடம் சம்பாதித்து வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வந்தவர் இப்படிப் பேசலாம். தம்பி கடனில் இருப்பான்.

சிம்மக்கல் பாய்:
ஷார்ஜாவில் இருந்து துபாய்க்குத் தினமும் போய்வந்து பார்த்திருக்கிறீர்களா? தூரம் என்னவோ திருமங்கலத்தில் இருந்து மாட்டுத்தாவணி போகிற தூரம்தான். காலையில் ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது அதற்கும் மேல். துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்குள் வராது. நான் இரண்டு வருடம் போய்வந்து முதுகு போனதுதான் மிச்சம்.

வடபழஞ்சி ரிட்டர்ன்:
தீபாவளிக்கு ஊருக்கு வர டிக்கெட் விலை பார்த்தீர்களா?

சிம்மக்கல் பாய்:
அதை ஏன் கேட்கிறீர்கள். மதுரைக்கு ஏறுவதற்குப் பதில் திருச்சிக்கோ கொச்சிக்கோ போய் இறங்கி, அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ். அமீரகத்து ஏர்லைன்ஸ் எதுவும் மதுரைக்கு வர முடியாது, இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் நம் ஊர் பேரே இல்லை. உலகமெல்லாம் மதுரை மல்லி மணக்கிறது, மதுரைக்காரன் மட்டும் கொச்சியில் போய் இறங்க வேண்டும்.

மேலூர் மச்சான்:
அந்த மல்லியும் துபாய் மீனா பஜாரில் முழம் வாங்கப் போனால் விலையைக் கேட்டே வாடிவிடுகிறது.

தெப்பக்குளம் அக்கா:
விமானம், பூ எல்லாம் அப்புறம் பேசலாம். தம்பி எங்கே போனான்?

திருமங்கலத்தான்:
மன்னிக்கவும், டூட்டியில் இருந்தேன். இப்போது பேசிக் 3,300. ரூம் கம்பெனியுடையது, மூன்று பேர். கம்பெனி பஸ் உண்டு, வருடம் ஒரு டிக்கெட் உண்டு. புது இடம் அல் பர்ஷா, மெயின்லேண்ட். அங்கே பேசிக் 2,800, மற்றதெல்லாம் அலவன்ஸ். ரூம், டிக்கெட் இல்லை. நோட்டீஸ் 60 நாள். சேர்ந்தது போன டிசம்பர் 12.

இன்னொன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆகஸ்ட் சம்பளம் செப்டம்பர் 28தான் வந்தது. செப்டம்பர் சம்பளம் இன்னும் வரவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு அனுப்பியது ரூம்காரரிடம் கைமாற்று வாங்கியது. வீட்டில் தெரியாது.

மேலூர் மச்சான்:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

தெப்பக்குளம் அக்கா:
சரி, இப்போது கணக்குப் போடலாம். கூடுதல் 1,500. துபாயில் பகிர்ந்த ரூமில் ஒரு பெட் வாடகை 900 என்று வை. தள்ளி இருக்கும் பெட் என்றால் எல்லா ஸோனுக்கும் மெட்ரோ பாஸ் 350. மிச்சம் 250. வருடத்துக்கு 3,000, அது ஊர் டிக்கெட்டிலேயே கரைந்துவிடும். கிராஜுவிட்டி பேசிக்கில் வருடத்துக்கு 21 நாள். 3,300க்கு 2,310 வரும், 2,800க்கு 1,960தான். எடுக்காத லீவுக்குக் காசும் பேசிக்கை வைத்துத்தான். நீ சொல்கிற முப்பத்தைந்தாயிரம் இதில் எங்கேயும் இல்லை.

ஆனால் சம்பளமே வராத இடத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்த்து என்ன பிரயோஜனம். மாறுவது சரிதான். எப்படி மாறுவது என்று கேள்.

23ஆம் தேதி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் 60 நாள் டிசம்பர் 22இல் முடிகிறது. நோட்டீஸ் காலமும் சர்வீஸ்தான். அதற்குள் 12ஆம் தேதி தாண்டி ஒரு வருடம் முடிந்துவிடும், கிராஜுவிட்டி உனக்கு உண்டு. பாய் பயமுறுத்தியது அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஆஃபர் என்று லெட்டர்ஹெட்டில் வந்த தாளை நம்பி ராஜினாமா கொடுத்துவிடாதே. தொழிலாளர் விஷயத்தைப் பார்க்கும் அமைச்சகத்தின் படிவத்தில் வரும் ஆஃபரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு கொடு. ஒப்பந்தம் அதில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். பேசிக்கை ஏற்றக் கேள், டிக்கெட் கேள். அங்கே வேலை பார்க்கும் யாரையாவது பிடித்து, சம்பளம் எந்தத் தேதி வருகிறது என்று விசாரி. ஒரு குழியில் இருந்து இன்னொரு குழிக்குப் போகாதே.

செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 1 சேர வேண்டியது. 15 நாள் தாண்டினால், சம்பளம் போடுவதை அரசு கவனிக்கும் டபிள்யூ.பி.எஸ். கணக்கில் அது தாமதம். அமைச்சகத்தின் செயலியில் பேர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

சிம்மக்கல் பாய்:
அக்கா சொன்னால் சரி. விசா கேன்சல் பேப்பரில் எல்லாப் பாக்கியும் வாங்கிவிட்டேன் என்று ஒரு வரி இருக்கும் தம்பி. காசு கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடாதே. நான் போட்டிருக்கிறேன்.

திருமங்கலத்தான்:
மெயில் போட்டேன், இப்போதுதான் போனில் பேசினார்கள். பேசிக் 3,800 ஆக்குகிறார்களாம், மொத்தம் அதே 7,000தான். டிக்கெட் இரண்டு வருடத்துக்கு ஒன்று. டிசம்பர் 24 சேரலாம் என்றார்கள், அமைச்சக ஆஃபர் வர திங்கள் ஆகும். அதுவரை இப்போதைய கம்பெனியில் வாயைத் திறக்கப் போவதில்லை. நோட்டீஸ் நாலைந்து நாள் தள்ளிப்போகும், சேரும் தேதியையும் தள்ளிக் கேட்கிறேன். அல் பர்ஷா பக்கம் நம்ம ஊர்க்காரர்கள் இருக்கும் ரூமில் பெட் காலி இருந்தால் சொல்லுங்கள்.

மேலூர் மச்சான்:
துபாய் சத்வாவில் ஒன்று இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன். மேல் பெட் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.