கார் ஷெட்டில் தச்சுப்பட்டறை: எந்த ஏசி, எத்தனை டன்?

பட்டறை_காரைக்குடி:

வணக்கம். வீட்டை ஒட்டிய கார் ஷெட்டைத் தச்சுப்பட்டறையாக மாற்றியிருக்கிறேன். 12க்கு 20 அடி, உயரம் 10 அடி. ஒரு நெடுஞ்சுவர் வீட்டோடு சேர்ந்தது, மற்றவை 9 அங்குலச் செங்கல் சுவர். மேலே ஜிஐ ஷீட், அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. மேற்கு பார்த்த 8க்கு 8 அடி ரோலிங் ஷட்டர். உள்ளே 2 ஹெச்.பி. டேபிள் சா (மேசை ரம்பம்), சின்ன பிளேனர் (இழைப்பு மெஷின்), டிரில்லிங் மெஷின். பழைய பர்மா தேக்குக் கதவு, நிலை, அலமாரிகளைப் பழுது பார்த்து பாலிஷ் போடும் வேலை.

சித்திரை, வைகாசியில் பகல் 11 மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. கடையில் 2 டன் ஸ்ப்ளிட் போடச் சொல்கிறார்கள். ஏர்கூலரே போதும் என்கிறார் ஒருவர், போர்ட்டபிள் ஏசி என்கிறார் இன்னொருவர். தூசியும் இருக்கிற இடத்தில் எது தாக்குப்பிடிக்கும்?

வெப்பக்கணக்கு:

அண்ணே, டன் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கூரையைப் பாருங்கள். உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

240 சதுர அடி என்பது சுமார் 22 சதுர மீட்டர். உச்சி வெயிலில் வெறும் ஷீட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். உள்ளே 28 டிகிரி வேண்டுமென்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் ஏறக்குறைய 180 வாட் வெப்பம் இறங்கும். மொத்தம் 4 கிலோவாட். ஏசி கணக்கில் ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும் திறன், அதாவது 3.5 கிலோவாட். அதாவது கூரை ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் தின்றுவிடுகிறது.

அதே கூரை 50 மி.மீ. பஃப் சாண்ட்விச் பேனலாக (இரு தகடுகளுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை) இருந்தால் 4 கிலோவாட் 400 வாட்டாகச் சுருங்கும். பேனலுக்குப் பணம் இடிக்கிறதென்றால், ஷீட்டுக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டு ஜிஐ சட்டம் அடித்து, 50 மி.மீ. ராக்வூல் (தீப்பிடிக்காத கல்நார்ப் பஞ்சு போன்ற கனிமப் பஞ்சு, ஆஸ்பெஸ்டாஸ் அல்ல) வைத்து, ஜிப்சம் போர்டோ சிமென்ட் போர்டோ மூடுங்கள். அந்த இடைவெளியின் இரு முனையிலும் வலை வைத்துக் காற்று போகவிட வேண்டும். தெர்மாகோல் மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்தூள் படிகிற இடத்தில் ஒரு கிரைண்டர் பொறி போதும், பற்றிக்கொண்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். ஷீட்டின் மேல்புறம் வெள்ளை கூல்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிப்பது மலிவு, நல்ல பலன் உண்டு. ஆனால் தூசி படியப் படியப் பலன் குறையும். நம்மூர்ச் செம்மண் புழுதிக்கு வருடம் ஒருமுறை கழுவித்தான் ஆக வேண்டும்.

நம் பழைய வீடுகளில் ஏசி இல்லாமலே உட்கார முடிவதற்குக் காரணம் தடித்த சுண்ணாம்புச் சுவர், அடுக்கடுக்கான ஓடு, சூட்டுக்காற்றை மேலே விடும் முற்றம். ஷீட் ஷெட்டில் இந்த மூன்றும் கிடையாது.

அடுத்தது ஷட்டர். மேற்கு வெயில் பட்டால் அது மாலையில் ஒரு கிலோவாட் வரை கொடுக்கும். பட்டைகளின் இடுக்கு வழியே காற்றும் கசியும். ஷட்டருக்கு உட்புறம், ரப்பர் பீடிங் வைத்த இரட்டைப் பிளைவுட் கதவு, நடுவில் ராக்வூல். மரவேலை தெரிந்த உங்களுக்கு இரண்டு நாள் வேலைதான்.

இதையெல்லாம் செய்த பிறகு கூரை 0.4, கதவும் ஷட்டரும் 0.6, வெளிச்சுவர்கள் 0.6, இயந்திரம் 0.5, ஆள் 0.2, கசியும் காற்று 0.6. மொத்தம் 3 கிலோவாட் பக்கம் வரும். ஏசியின் டன் வெளியே 35 டிகிரி என்ற கணக்கில் சோதித்துச் சொல்வது. 40ஐத் தாண்டினால் குளிர்ச்சி குறையும். அதற்கும் சேர்த்து 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகம் மாறும் வகை) போதும். கூரையை அப்படியே விட்டால் 7 கிலோவாட் கேட்கும். கடையில் சொல்லும் 2 டன் அதற்குச் சரிசமம்தான், மதியம் ஓயாமல் ஓடியும் சட்டை நனையும்.

மரத்தூள்:

கணக்கு சரி. ஆனால் மரப்பட்டறையில் ஏசியைக் கொல்வது வெயில் இல்லை, தூசி.

நடப்பது இதுதான். உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கிற நுண்தூள் உள்யூனிட்டின் ஃபில்டரைத் தாண்டி, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் படியும். காயில் எப்போதும் ஈரமாக இருப்பதால் தூள் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டம் குறையும். காற்று குறைந்தால் காயில் உறைநிலைக்குக் கீழே போய் ஐஸ் பிடிக்கும். ஐஸ் பிடித்தால் காற்று இன்னும் குறையும். கடைசியில் ஏசிக் குழாய்க்குள் சுற்றும் கேஸ் முழுதாக ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பி அதையும் கெடுக்கும். அதற்கு முன்பே டிரெயின் தட்டு அடைத்துச் சுவரில் தண்ணீர் ஒழுகியிருக்கும். “கேஸ் குறைந்துவிட்டது” என்று ஒருவர் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போவார், குறை அப்படியே நிற்கும்.

ஃபில்டர் மேல் தடித்த துணி போர்த்துவது பலரும் செய்யும் தவறு. அதுவும் காற்றை அடைத்து ஐஸில்தான் கொண்டுவிடும். தூசியை அது கிளம்பும் இடத்திலேயே பிடியுங்கள். டேபிள் சாவுக்கும் பிளேனருக்கும் 4 அங்குலக் குழாயோடு டஸ்ட் கலெக்டர், நடுவில் பெரிய தூளைச் சுழற்றிப் பிரித்துக் கீழே தள்ளும் சைக்ளோன் டிரம். கலெக்டரின் காற்றை வெளியே விட்டால் குளிர்ந்த காற்றும் போய்விடும். உங்கள் ஷெட் 2,400 கன அடி. கலெக்டர் நிமிடத்துக்கு 500 கன அடி இழுத்தால் ஐந்து நிமிடத்தில் அறை முழுக்க வெளியே. உள்ளேயே சுற்றவிட வேண்டுமானால் 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் கட்டாயம். கலெக்டரோடு வரும் 30 மைக்ரான் துணிப்பை, நுரையீரலுக்குப் போகிற தூளைத்தான் திரும்பக் கொடுக்கும்.

எனக்குச் சரியாகப் படுகிற ஏற்பாடு இது: அறுப்பது, இழைப்பது, சாண்டிங் எல்லாம் காலை 10க்குள், ஷட்டரைத் திறந்து, ஏசியை நிறுத்தி. தூசி அடங்க அரை மணி. பிறகு கதவை மூடி ஏசி போட்டுக்கொண்டு மூட்டு சேர்ப்பது, செதுக்குவது.

பாலிஷைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றும். மூடிய அறையில் ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகி நின்றால் தலை சுற்றும். ஸ்விட்ச், ரிலே, மோட்டார் எதில் பொறி வந்தாலும் தீப்பிடிக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது ஏசி, மெஷின் எல்லாம் ஆஃப், கதவு திறந்திருக்க வேண்டும்.

பட்டறை_காரைக்குடி:

இருவருக்கும் நன்றி. கூரைக்கு ராக்வூல், ஜிப்சம் என்று முடிவு செய்துவிட்டேன். ஏர்கூலரைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். நம்மூர் வெயில் வறண்ட வெயில்தானே?

மரத்தூள்:

வறண்ட வெயிலில் கூலர் வேலை செய்யும், மறுக்கவில்லை. 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால் நல்ல தேன்கூட்டுப் பேட் உள்ள கூலர் 27 டிகிரிக் காற்று தரும். ஆனால் அந்தக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கும். டேபிள் சாவின் இரும்புத் தட்டு துருப்பிடிக்கும், உளி, இழைப்புளியும் அப்படியே. அந்த ஈரத்தில் உப்பிய பலகையில் போட்ட மூட்டு, பிறகு காய்ந்ததும் தளரும். அரக்குப் பாலிஷ் வெள்ளை பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூலரால் பயனே இல்லை. வெல்டிங் பட்டறைக்கும் வண்டி பழுது பார்க்கும் ஷெட்டுக்கும் கூலர்தான் சரி, அங்கே கதவு திறந்தே இருக்க வேண்டும். தேக்குக்கும் பாலிஷுக்கும் வேண்டாம்.

போர்ட்டபிள் ஏசியை மறந்துவிடுங்கள். ஒற்றைக் குழாய் வகை உள்ளே இருக்கும் காற்றையே வெளியே தள்ளும். அதற்கு ஈடாக இடுக்கு வழியெல்லாம் அனல் காற்று உள்ளே வரும்.

ஏசி_மெக்கானிக்_தேவகோட்டை:

பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியவை மட்டும் சொல்கிறேன்.

உள்யூனிட்டை டேபிள் சாவுக்கு எதிரே வைக்காதீர்கள். ஷட்டரிலிருந்து தள்ளி, பின்சுவரில் வையுங்கள். வெளியூனிட் வடக்குச் சுவரில், நிழலில். பின்னால் ஒரு அடி, முன்னால் ஐந்து அடி திறப்பு. டஸ்ட் குழாய் வாய் அந்தப் பக்கம் இருக்கவே கூடாது. குழாயை வீட்டுச் சுவர் வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தால் சுத்தியலால் உடைக்க வேண்டாம். கோர் கட்டரில் 65 மி.மீ. துளை, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து. பழைய சுண்ணாம்புப் பூச்சு அதிர்வில் பாளம் பாளமாக விழும், அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவர இன்று ஆள் கிடைப்பது அரிது.

ஆர்-32 கேஸ், தாமிரக் காயில், அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு. இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மரம், பசை, புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட் இவற்றிலிருந்து வரும் அமில ஆவி, பூச்சில்லாத தாமிரத்தில் எறும்புப் புற்று மாதிரி நுண்துளை போடும். ஆர்-32 மெல்ல எரியக்கூடிய கேஸ், அதனால் குழாய்ப் பக்கம் புளோ டார்ச் கூடாது. பொருத்தும்போது வேக்யூம் பம்ப் போட்டு அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (இங்கே மைக்ரான் வெற்றிடத்தின் அளவு, தூசி அளவு அல்ல) கீழே இறக்கி, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் முள் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுபவரை அனுமதிக்காதீர்கள். ஈரம் உள்ளே தங்கிவிடும்.

மின்சாரத்துக்கு டிபியிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) ஏசிக்கென்றே தனி லைன்: 4 சதுர மி.மீ. தாமிரக் கம்பி, 20 ஆம்பியர் சி-கர்வ் எம்சிபி (அதிகக் கரன்ட் போனால் தானே அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் அணைப்பது). 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரன்ட்டைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஏசியும் அதே லைனில் இருந்தால் வோல்டேஜ் இறங்கி ஏசி போர்டு திணறும். எர்த்தை அளந்து பாருங்கள். நம் செம்மண் கோடையில் காய்ந்ததும் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும், குழிக்குத் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

ஸ்டார் விஷயத்தில், நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடினால் 5 ஸ்டாருக்குக் கொடுக்கும் அதிகப் பணம் திரும்ப வரும். வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை என்றால் 3 ஸ்டார் இன்வெர்ட்டரே போதும்.

பட்டறை_காரைக்குடி:

சர்வீஸ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

ஏசி_மெக்கானிக்_தேவகோட்டை:

ஃபில்டரை வாரம் ஒருமுறை நீங்களே கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூள் இரட்டிப்பாக ஒட்டும். ஜெட் பம்ப் சர்வீஸ் வீட்டு ஏசிக்கு வருடம் இரண்டு என்றால் உங்களுக்கு நான்கு. ஒவ்வொரு முறையும் புளோயர் உருளையைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். காயிலை மட்டும் அடித்துவிட்டுப் போனால் உருளையின் இதழ்களில் படிந்த மரத்தூள் அங்கேயே இருக்கும், காற்றும் வராது. டிரெயின் குழாய் மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவில் இருக்க வேண்டும், முனையில் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு மூடி வைத்தால் அடைப்பை நீங்களே குத்தி எடுக்கலாம்.