பின் சக்கர டிஸ்க், பேட் வீட்டில் மாற்றியவர்களே: உங்களுக்கு எங்கே மாட்டியது?

ஞாயிறு மெக்கானிக்:

முன் பிரேக் பேட் மாற்றிப் பழகின கை, பின்னாலும் அதேதானே என்று சொல்லும். அதே இல்லை. பின்னால் கூடுதலாக ஹேண்ட்பிரேக் என்று ஒரு ஆசாமி உட்கார்ந்திருக்கிறார். அவர் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். என் காரில் ஹேண்ட்பிரேக் கேபிள் நேராகக் காலிப்பருக்கே, அதாவது பிஸ்டனால் பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகத்துக்கே, வருகிறது. பிஸ்டனுக்குள்ளேயே அதற்கான திருகு இருக்கிறது. வேறு வகை வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.

இடது பின் சக்கரத்தில் சரக் சரக்கென்று உரசல் சத்தம் வந்ததால்தான் இறங்கினேன். கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்க பேடில் பாதிக்கு மேல் மிச்சம். உள்பக்க பேட் அதன் முதுகுத் தகடுவரை தேயப்போகிறது. இப்படி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காலிப்பர் நகர்கிற கைடு பின்னை. அதுதான் இறுகியிருந்தது. டிஸ்கின் உள்முகத்தில் வேறு துரு வட்டமாகப் பள்ளம் பறித்திருந்தது. காரை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின்னால் லேசான அழுத்தமே விழுவதால், மெதுவாகவும் குறைவாகவும் ஓடுகிற காரில் துருவைத் துடைத்தெடுக்கக்கூட உரசல் போதாது. குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று டிஸ்கிலேயே அச்சடித்திருக்கும். ஆனால் அளக்கும்போது, விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பின் மேல் வெர்னியர் உட்கார்ந்துவிட்டால் கனம் கூடுதலாகக் காட்டும். உரசுகிற முகத்தில் நேராக உட்காரும் மைக்ரோமீட்டர் கிடைத்தால் நல்லது.

வேலைக்கு முன் ஒரு விஷயம். பின் பிரேக்கைப் பிரிக்க ஹேண்ட்பிரேக்கை இறக்கியே ஆக வேண்டும். அப்படியானால் கார் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? முன்சக்கரம் இழுக்கிற காரில் கியர் போட்டால் ஓரளவு பிடிக்கும். பின்சக்கரம் இழுக்கிற காரில் பின்பக்கத்தைத் தூக்கியாகிவிட்டது, கியர் போட்டும் பிரயோஜனமில்லை. எந்தக் காரானாலும் சமதளம், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜாக்கி தூக்கியதும் அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விடவேண்டாம்.

காலிப்பரைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகள் சாதுவாக வந்துவிடும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். அதற்குப் பின்னால் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகள் இருக்கின்றனவே, அவைதான் ஆளைப் படுத்தும். பல கார்களில் சுமார் 100 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்கியிருப்பார்கள், மேலே பூட்டுப்பசை வேறு. நீளக் கைப்பிடி இல்லாமல் அசையாது.

இனி பிஸ்டன். முன்பக்கம் சி கிளாம்ப் வைத்து அழுத்தினால் பிஸ்டன் உள்ளே போய்விடும். இந்த வகைப் பின் காலிப்பரில் அந்த வேலையைச் செய்தால் உள்ளே இருக்கும் திருகு வீணாகிவிடும். அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அதற்கென்று டூல் விற்கிறது. பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் உள்ளே போகும். சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் எதிர்ச்சுற்று, மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையிலேயே கண் இருக்கட்டும். பிஸ்டனோடு சேர்ந்து அதுவும் முறுக்க ஆரம்பித்தால் நிறுத்தி, உறையின் உதட்டைக் கொஞ்சம் தூக்கி, ரப்பருக்கான சிலிகான் கிரீஸ் தடவிவிட்டுத் தொடரலாம். என்னுடையதில் உறை ஒரு மடிப்பு விழுந்து நின்றது, கிரீஸ் போட்டதும் டப்பென்று விடுபட்டுத் தன் இடத்துக்கு வந்துவிட்டது. கடைசியாக, பிஸ்டன் முகத்தில் இருக்கும் பள்ளம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். சில பேடுகளின் முதுகில் ஒரு குமிழ் இருக்கும். அது அந்தப் பள்ளத்தில் உட்காராவிட்டால் பேட் சாய்ந்தே தேயும்.

பிஸ்டன் உள்ளே போகப் போக பிரேக் ஆயில் மேலே டேங்க்கில் ஏறும். வழிந்தால் பெயின்டை அரித்துவிடும், அதனால் மூடியைத் திறந்து அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

துரு எதிரி:

நல்ல பதிவு சார். டிஸ்க் கழன்று வந்ததைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே, அவ்வளவு அதிர்ஷ்டமா? என் காரில் அதுதான் முழுக் கதையும்.

டிஸ்கை ஹப்போடு (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவில் திருப்புளி வைத்தாலே தலை மழுங்கிவிடும் போலிருந்தது. சுத்தியலால் அடித்தால் கூடவே திரும்புகிற இம்பாக்ட் திருப்புளி என்று ஒன்று உண்டு, அதற்குத்தான் மசிந்தது. அதற்கும் மசியாவிட்டால் தலையைத் துளைத்து எடுத்துவிடலாம். டிஸ்கை உண்மையில் இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுதான், அந்த ஸ்க்ரூ பொருத்தும்போது டிஸ்க் ஆடாமல் நிற்பதற்கு மட்டுமே.

ஸ்க்ரூ போன பிறகும் டிஸ்க் அசையவில்லை. நிறைய டிஸ்குகளில் மரையுள்ள இரண்டு ஓட்டை விட்டிருப்பார்கள், பெரும்பாலும் எம்8. அதில் இரண்டு போல்ட் போட்டு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளப்படும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை ஹப் விளிம்பில் அடித்து வைத்திருந்தேன். டங்கென்று ஒரு சத்தம், கையோடு வந்துவிட்டது.

அப்புறம் ஹப் முகத்தைப் பளபளவென்று தேய்த்த பிறகுதான் புது டிஸ்கை வைக்க வேண்டும். ஒயர் பிரஷ், உப்புத்தாள், எது இருக்கிறதோ அது. வீல் போல்ட் நிற்கும் இடத்தைச் சுற்றித்தான் துரு ஒளிந்திருக்கும். அங்கே தாள் கனத்துக்கு ஒரு செதில் மிச்சமிருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். அந்தச் சாய்வு ஹப்பில் கண்ணுக்கே தெரியாது, டிஸ்கின் விளிம்புக்கு வரும்போது பெரிதாகிவிடும். உடனே நடுக்கமும் வராது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசி, கொஞ்ச நாள் கழித்து டிஸ்கின் கனம் இடத்துக்கு இடம் மாறும். அப்போதுதான் பிரேக் அடித்தால் கார் உதறும். டிஸ்க் மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவது அதற்கப்புறம்தான்.

பட்டன் பிரேக்:

எனக்கு எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். காலிப்பரின் முதுகில் சின்ன மோட்டார் இருக்கும். அதை சர்வீஸ் மோடில் போட்டால்தான் திருகு பின்வாங்கும். என் காரில் அதற்கு, காரின் கணினிக்குக் கட்டளை கொடுக்கும் ஸ்கேனர் வேண்டியிருந்தது. சில கார்களில் பெடலையும் பட்டனையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினாலே போதும். கட்டளை கொடுத்ததும் பின்னாலிருந்து ஊய்ங் என்று இரண்டு பக்கமும் சத்தம் வந்து நின்றது. அதற்கப்புறம் பிஸ்டனைத் திருப்பத் தேவையில்லை, நேராக அழுத்தினாலே போகிற வகை.

எனக்கு பயமெல்லாம் வேறு. காலிப்பர் திறந்து கிடக்கும்போது வீட்டில் யாராவது காரில் ஏறி அந்தப் பட்டனைத் தொட்டால் பிஸ்டன் வெளியே வரும், நடுவில் விரல் இருந்தால் விரல் காலி. சாவியை என் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். பையன் "அப்பா, பாட்டு போடணும், சாவி குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசிவரை கொடுக்கவில்லை.

நாலாவது ஓனர்:

மூன்றாவது வகை என்னிடம்: டிஸ்கின் நடுக்கிண்ணத்துக்குள் ஹேண்ட்பிரேக்குக்குத் தனியாக டிரம் ஷூ, அதாவது உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் வளைந்த கட்டைகள். இதில் காலிப்பர் பிஸ்டன் சாதாரணமானது, அழுத்தினால் போதும். ஆனால் டிஸ்க் ஹப்பிலிருந்து விடுபட்டு ஆடும், வெளியே மட்டும் வராது. உள்ளே ஷூ தேய்த்துத் தேய்த்து ஒரு விளிம்பு விழுந்திருக்கும், அதில் ஷூ மாட்டிக்கொள்கிறது. சுத்தியலால் அடித்தால் ஷூவின் கிளிப்தான் உடையும். டிஸ்க் முகத்திலோ பின்தகட்டிலோ ஒரு ஓட்டை இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பல்சக்கரம் தெரியும். தட்டைத் திருப்புளியால் அதைச் சில பல் தளர்த்தினால் ஷூ சுருங்கி வழி விடும்.

இதற்கு முன்னால் வைத்திருந்த காரில், நான் வாங்கும்போதே ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் பிடிக்காது. யாரோ திருப்ப வேண்டிய பிஸ்டனை அழுத்தித் தள்ளியிருக்கிறார்கள் என்பது காலிப்பரைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. முழு காலிப்பரையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஞாயிறு மெக்கானிக்:

துரு எதிரி, டிஸ்க் எனக்கு ரப்பர் சுத்தியலில் இரண்டு தட்டிலேயே வந்துவிட்டது, அதனால் எழுதத் தோன்றவில்லை. ஹப் பற்றிச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

விட்டுப்போனவை சில. புது டிஸ்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வரும், பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகே மாட்டவேண்டும். கைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாம் மாட்டியதும் எஞ்சினைத் தொடுவதற்கு முன் பெடலை மெதுவாக மிதித்து மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் முதல் மிதியில் கால் நேராகத் தரைக்குப் போகும், தெருவுக்குப் போன பிறகு அது தெரியக்கூடாது.

புதுசு:

அண்ணா, ஒரு சந்தேகம். உங்களுடைய மாதிரியே கேபிள் வகைதான், நேற்று மாற்றினேன். பெடல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஹேண்ட்பிரேக் லிவர் முன்னைவிட ரொம்ப மேலே வருகிறது. கேபிளை இறுக்கிவிடவா?

ஞாயிறு மெக்கானிக்:

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. காலிப்பருக்குள் தானாக இடைவெளி சரிசெய்து கொள்ளும் அமைப்பு இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கிவிட்டு, பெடலை நிதானமாகப் பலமுறை மிதியுங்கள். சில காலிப்பர்களில் லிவரையும் பலமுறை ஏற்றி இறக்கவேண்டும். அப்புறம் காருக்கு அடியில் பாருங்கள்: கேபிள் வந்து சேரும் குட்டி லிவர் இரண்டு பக்கமும் தன் தடுப்பில் முட்டி நிற்கிறதா? கேபிளை இப்போதே இறுக்கினால் அது தடுப்புக்குத் திரும்பாது, உள்ளே இருக்கும் அமைப்பும் வேலை செய்யாது, பேட் உரசிக்கொண்டே ஓடும். இரண்டு லிவரும் முட்டி நின்று, அதற்கப்புறமும் மேலே வந்தால் மட்டும் கேபிளைத் தொடுங்கள்.