நைரோபி உணவு டெலிவரி ஆப்: எம்-பெசா கால்பேக் வராவிட்டால் ஆர்டரை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. நைரோபிக்கான ஆப் இது. பணம் எம்-பெசாவில் (கென்யாவின் மொபைல் பணச் சேவை) வருகிறது: அதை நடத்தும் சஃபாரிகாம் நிறுவனத்தின் தரஜா ஏபிஐ (நம் ஆப்பை எம்-பெசாவோடு இணைக்கும் வழி) மூலம், எஸ்டிகே புஷ்ஷாக (வாடிக்கையாளர் போனில் பின் எண் கேட்டுத் தோன்றும் கோரிக்கை). வாடிக்கையாளர் பின் எண் போட்டதும் முடிவு நம் சர்வருக்குக் கால்பேக்காக (சஃபாரிகாம் தானாக அனுப்பும் பதில்) வர வேண்டும்: 0 என்றால் பணம் வந்தது, 1032 என்றால் அவரே ரத்து செய்தார், 1037 என்றால் போனை எட்ட முடியவில்லை.

கால்பேக்கே வராதபோதுதான் சிக்கல். பணம் போயிருக்கும், ஆர்டர் நிலுவையில் நிற்கும். பசியோடு இருப்பவர் மறுபடி அழுத்துவார், இரண்டாம் தடவையும் பணம் போகும். அவருக்கு இது பெரிய அநியாயம்.

செக்அவுட் ரிக்வெஸ்ட் ஐடியை (ஒவ்வொரு கட்டணக் கோரிக்கைக்குமான அடையாளக் குறியீடு) வைத்து நிலையை நாமே கேட்கலாம். எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்பது சரி? அதுவரை கட்டண பட்டனைப் பூட்டி வைக்கலாமா? சமையலறைக்கு எப்போது சொல்வது?

இன்னொன்று: கிபேராவில் (நைரோபியின் குடிசைப் பகுதி) கதவு எண்ணை நம்ப முடியாது. போடா போடா (மோட்டார் சைக்கிள் டாக்ஸி) ஓட்டுநருக்கு மேப் புள்ளியோடு அடையாள இடத்தையும் கட்டாயமாக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.