பதினோராவது எபிசோடோடு நின்றுபோன நாடகம்

கேள்வி
எழுதியவர்: வெள்ளைக்காகிதம்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. வேலை, மெய்ப்புத் திருத்துவது. ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, போன அத்தியாயத்தில் இடது கையில் இருந்த தழும்பு இந்த அத்தியாயத்தில் வலது கைக்கு வந்துவிட்டதா என்று பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் நாடகம் பார்ப்பது பல வருடப் பழக்கம். ஒரு நாளைக்கு ஒரு எபிசோட். ஆசை இருந்தாலும் அதற்கு மேல் போக மாட்டேன், அடுத்த நாளுக்கு வேண்டுமே என்று.

இரண்டு வருடமாக எதையும் முடிப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ‘தொடர்ந்து பார்க்க’ என்று வரும் வரிசையை எண்ணினேன். 19 தொடர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தச் சிவப்புக் கோடு பாதியிலோ முக்காலிலோ நிற்கிறது. மூன்றில் கடைசி எபிசோட் மட்டும்தான் பாக்கி.

வீட்டில் கேட்டால், “உனக்குப் பொறுமை போய்விட்டது, செல்போனால் வந்த வினை” என்கிறார்கள். நான் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். 600 பக்கக் கையெழுத்துப் பிரதியை இன்றைக்கும் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். பொறுமை போகவில்லை. வேறு ஏதோ போயிருக்கிறது.

கடைசியாக விட்டதைச் சொல்கிறேன். 16 எபிசோட் கொரிய நாடகம். பெயர் வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கதை தெரிந்துவிடும். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். ராத்திரி கடையை மூடும்போது பூட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். முதல் இழுப்பு வேகமாக. இரண்டாவது மெதுவாக, பூட்டைத் தொட்டுக்கொண்டே நிற்கிற மாதிரி. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் முதல் எபிசோடிலிருந்து அது வரும், மழையிலும் வரும், அழுதுகொண்டிருக்கும்போதும் வரும். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனதே அந்த இரண்டாவது இழுப்பால்தான்.

பதினோராவது எபிசோடில், யாருக்கும் தெரியாமல் எழுதிவந்த டைரியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டு வெளியே போகிறாள். தங்கை வந்து படித்துவிடுகிறாள். அடுத்த நாலு எபிசோட் சண்டைக்கு அதுதான் காரணமாகப் போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. 34ஆவது நிமிடத்தில் நிறுத்தினேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள் டைரியைத் திறந்து போட்டுவிட்டுப் போவாளா?

அப்புறம் மற்ற பதினெட்டையும் யோசித்தேன். எல்லாமே ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிற ஏழெட்டில் நான் எழுந்துபோன இடம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கதை மெதுவாகப் போகும் இடம் இல்லை. ஒருவர் தன் குணத்தை விட்டுவிட்டுக் கதைக்கு வேண்டியதைச் செய்கிற இடம்.

சரி, விட்டாயிற்று என்று இருக்கவும் முடியவில்லை. அந்தப் பெண்ணைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு உறுத்தல். உங்களுக்கும் இப்படி ஆகிறதா? இது என் தொழில் கெடுத்த கண்ணா, இல்லை நாடகம் எழுதுவதிலேயே ஏதாவது நடக்கிறதா?


பதில் 1
எழுதியவர்: கடைசிவரிசை

அக்கா, உறுத்தலே வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவது பார்வையாளரின் உரிமை.

‘பாதி பார்த்தாச்சே’ என்ற எண்ணம்தான் நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது. 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு பேர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மேடை நாடகங்களுக்குப் பருவச்சீட்டு (அந்தப் பருவத்து நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சீட்டு) வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் அதே நாடகங்கள்தான், கொடுத்த காசுதான் இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

நான் மாதக் கடைசியில் அந்த வரிசையைத் துடைத்துவிடுவேன். மறுபடி தேடிப்போய்ப் பார்க்கத் தோன்றினால் அது நல்ல நாடகம்.


பதில் 2
எழுதியவர்: இருவரி

உங்கள் கண் கெட்டுப்போகவில்லை. நான் சப்டைட்டில் எழுதுகிறவன். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசி எபிசோடின் கடைசி வசனம் வரைக்கும் போயாக வேண்டிய வேலை. திரையில் இரண்டு வரி, அதிகம் போனால் ஏழு விநாடி, அதற்குள் திரையில் பேசுகிறவர் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும். இப்படி வருடக்கணக்காக உட்கார்ந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். நாடகம் தளர்வது முதலில் வசனத்தில்தான் தெரியும். நன்றாகப் போகும்வரை ஒவ்வொருவர் பேச்சையும் தனித்தனியாக யோசித்து எழுதுவேன். தளர்ந்துவிட்டால் அண்ணன் பேசியதைத் தம்பி வாயில் வைத்தாலும் பொருந்தும். அப்புறம் தெரிந்த விஷயத்தையே மூன்று பேர் மூன்று தடவை சொல்வார்கள். அந்த இடம் வந்ததும் என் விரல் வேகம் கூடிவிடும், யோசிக்க ஒன்றும் இருக்காது.

இது ஏன் நடக்கிறது என்று கேட்டீர்கள். எழுதுகிறவர்களின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. எத்தனை எபிசோட் என்பதைக் கதை முடிவு செய்வதில்லை, அதுதான் பெரிய காரணம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சீசனுக்கு 22, 24 எபிசோட் எடுப்பது வழக்கமாக இருந்தது. 100 எபிசோட் சேர்ந்துவிட்டால் மறுஒளிபரப்புக்கு நல்ல விலைக்கு விற்கலாம் என்பது அங்கே பழைய கணக்கு. ‘லாஸ்ட்’ தொடரின் மூன்றாவது சீசன் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? முக்கியமானவர்களைக் கூண்டில் அடைத்து எபிசோட் எபிசோடாக அங்கேயே வைத்திருந்தார்கள். கதை எப்போது முடியும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாத காலம் அது. 2007 மே மாதம்தான், இன்னும் 48 எபிசோட், 2010இல் முடிவு என்று அறிவித்தார்கள். முடியும் தேதி தெரிந்த பிறகு அந்தத் தொடருக்கு வேகம் வந்ததை நீங்களே பார்க்கலாம்.

எதிர்த்திசையிலும் கெடும். ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் கொலைகாரன் யார் என்ற முடிச்சைச் சீக்கிரம் அவிழ்க்கும் எண்ணமே படைத்தவர்களுக்கு இல்லை. சேனல் நெருக்கியதால் 1990 நவம்பரில் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்தத் தொடரைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் போனது.

கொரிய நாடகத்தில் இன்னொரு சிக்கல். முதல் சில எபிசோடை எடுத்து வைத்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டு, மீதியை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதி எடுப்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. வாரம் இரண்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 2016இல் ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்’ முழுவதையும் முன்பே எடுத்து முடித்துவிட்டு ஒளிபரப்பியது அப்போது பெரிய செய்தி. அந்தப் பழைய முறையில் பத்தாவது, பதினோராவது எபிசோட் வரும்போது எழுதுகிறவர் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பார் என்று யோசியுங்கள். முதல் எபிசோடில் பூட்டை எழுதியவருக்கு அவகாசம் இருந்தது. டைரியை எழுதியவருக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எழுத்து விட்டுக்கொடுத்த இடத்திலும் நடிகர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வசனமே இல்லாத இடங்களில் பாருங்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்பதால் நான் நிதானமாகப் பார்ப்பதே அந்த இடங்களைத்தான்.


பதில் 3
எழுதியவர்: மெல்லநட

எனக்கு உடன்பாடு இல்லை. மனிதர்கள் எப்போதும் தங்கள் குணப்படியா நடக்கிறார்கள்? என் அம்மா கதவு விஷயத்தில் அந்த மருந்துக்கடைப் பெண்ணை விடக் கறார். தாழ்ப்பாள் போட்டதைப் படுத்த பிறகும் எழுந்துபோய்ப் பார்ப்பார். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த அன்றைக்கு வாசல் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு எங்களோடு கிளம்பி வந்துவிட்டார். ராத்திரி திரும்பிப் பார்த்தால் வீடு அப்படியே திறந்து கிடக்கிறது. அம்மா வாசலில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை ஒரு நாடகத்தில் காட்டியிருந்தால் 34ஆவது நிமிடத்தில் நிறுத்தியிருப்பீர்களோ?

பொதுவாகவே நாம் ரொம்பச் சீக்கிரம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். 2013 பிப்ரவரி 1ஆம் தேதி ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ முதல் சீசனின் 13 எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்டதிலிருந்து, எல்லாம் இப்போதே கிடைக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். பிடிக்காவிட்டால் பக்கத்திலேயே இன்னொன்று காத்திருக்கிறது. ஒரு வாரம் காத்திருந்த காலத்தில், பிடிக்காத எபிசோடையும் அந்த ஏழு நாளில் மனசு ஏதோ செய்து ஏற்றுக்கொண்டுவிடும்.


வெள்ளைக்காகிதம்:

மெல்லநட, உங்கள் அம்மா வாசலில் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை. இல்லை, நான் நிறுத்தியிருக்க மாட்டேன். அங்கே அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். கதவு திறந்து கிடப்பதே அந்த நாள் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. இந்த நாடகத்தில் அவளுக்கு அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. சாதாரணக் காலை. துணி மடித்து வைத்தாள், டைரி எழுதினாள், போனாள். தங்கை படிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த டைரி அங்கே கிடக்க வேறு காரணமே இல்லை. அவள் தவறு செய்தது எனக்குப் பிரச்சினை இல்லை. அவளைக் கேட்காமல் அவளைச் செய்ய வைத்துவிட்டார்கள்.

இருவரி, உங்களுக்கு நன்றி. தூங்காமல் எழுதியவரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கோபம் பாதி குறைந்துவிட்டது.


பதில் 4
எழுதியவர்: மூன்றாம்மாடி

நடுவில் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. நாடகத்தில் மட்டும்தானா, இல்லை எல்லாவற்றிலுமா?

எனக்கும் நாடகத்தில்தான் தொடங்கியது. எதை வைத்தாலும் பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவேன். நாடகங்கள் தரம் கெட்டுவிட்டன என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம் பாட்டு கேட்பதை விட்டேன், அப்புறம் தோழிகளின் அழைப்பை எடுப்பதை விட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனேன். மன அழுத்த நோயைக் கண்டறிய அவர்கள் பார்க்கும் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று, முன்பு பிடித்த விஷயங்களில் நாட்டம் போவதாம். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் அப்படி இருந்தால் கவனிக்க வேண்டும் என்றார். சிகிச்சை எடுத்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு பூட்டை இவ்வளவு உற்றுப் பார்ப்பவருக்கு நாட்டம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இருந்தாலும், ‘நாடகம் பிடிக்கவில்லை’ என்று இங்கே வந்து படிக்கிறவர்களில் எனக்கு நடந்தது நடப்பவர் ஒருவராவது இருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்.


பதில் 5
எழுதியவர்: கடைசிவரிசை

நான் முதலில் அவசரமாகப் பதில் போட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. அக்கா, நடுவில் இருக்கிறதை விட்டுவிட்டு நேராகப் பதினாறாவதைப் பாருங்களேன். சண்டை எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவள் கடைசியில் எப்படி இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும் இல்லையா? தெருவில் நிற்கிறாள் என்றீர்களே, அந்த உறுத்தலாவது தீரும்.


வெள்ளைக்காகிதம்:

மூன்றாம்மாடி, அக்கறையாகக் கேட்டீர்கள். இரண்டு நாள் என்னையே கவனித்துப் பார்த்தேன். காலையில் நடக்கப் போகிறேன், அக்கா மகளோடு மணிக்கணக்காகப் பேசுகிறேன், புதுப் பிரதி வந்தால் இன்னும் கை பரபரக்கிறது. நாடகத்தில் மட்டும்தான். நீங்கள் நலமாக இருப்பது நிறைவாக இருக்கிறது.

நேற்று ராத்திரி பதினாறாவதைப் பார்த்தேன். நினைத்தபடி நிறைய இருந்தது. எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிட்டார்கள். தங்கையும் அவளும் ஏதோ ஒரு விஷயத்துக்குச் சிரிக்கிறார்கள், அது எந்த எபிசோடில் நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. 50 நிமிடம் வரைக்கும் நிறுத்திவிடலாமா என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கடையை மூடுகிறாள். தங்கை முன்னால் நடந்துபோய்க்கொண்டே ஏதோ பேசிக்கொண்டு வருகிறாள், கேமரா தங்கையின் முகத்தில்தான் இருக்கிறது. இவள் பின்னால், மங்கலாக, ஓரத்தில். பூட்டுகிறாள். ஒரு தடவை வேகமாக இழுக்கிறாள். திரும்பி நாலு எட்டு நடந்துவிடுகிறாள். நின்று, திரும்பிப் போய், மெதுவாக இரண்டாவது தடவை.

இருவரி, நீங்கள் சொன்ன மாதிரியே அங்கே வசனம் இல்லை. அதைச் செய்யச் சொல்லி யாராவது எழுதியிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை, காட்சி தங்கையுடையது. அந்த நடிகை தானாகச் செய்திருக்க வேண்டும். பின்னால் ஓட்டி மூன்று தடவை பார்த்தேன்.

12 முதல் 15 வரை பார்க்கப்போவதில்லை. வரிசையில் 14 தொடர்களை எடுத்துவிட்டேன், எதிலும் யார் முகமும் ஞாபகம் வரவில்லை. நாலை வைத்திருக்கிறேன். அதில் கடைசி எபிசோட் மட்டும் பாக்கியிருக்கும் ஒன்றை நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதில் ஒரு தபால்காரர் வருவார், கடிதத்தைக் கொடுக்கும்முன் கட்டை விரலால் மூலையை நீவிவிடுவார்.