அம்மாவின் போனில் அழைப்பு எடுக்கும் முறை மாறிவிட்டது, உதவி தேவை

ஒட்டுசுட்டானில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இப்போது போன் எடுக்க முடியவில்லை. முன்பு பச்சை வட்டத்தை மேலே தள்ளுவார். போன மாதம் அழைப்புச் செயலி தானாகவே மாறிவிட்டது. வலப்பக்கம் தள்ளினால் எடுக்கும், இடப்பக்கம் தள்ளினால் வெட்டும். கச்சான் (நிலக்கடலை) பிடுங்கிக் காய்ந்த விரல் திரையில் சரியாக ஓடாது. நான் வவுனியாவில் இருந்து அவருக்கு எடுக்கும் அழைப்பெல்லாம் வெட்டுப்படுகிறது.

ஆண்ட்ராய்டு 14, ராம் 4 ஜிபி, மெனு தமிழில்.

அமைப்புகளில் ஒரு தட்டில் எடுக்கும் முறை இருக்கிறது, போட்டுப் பார்த்தேன். கண்ணாடி இல்லாத நேரம் சிவப்பைத் தொட்டுவிடுகிறார். அப்டேட்டை நீக்கினேன், பழைய திரை வந்தது. அப்புறம் பிளே ஸ்டோரில் அந்தச் செயலிக்குத் தானியங்கி அப்டேட்டை நிறுத்தியும் புதியதே திரும்ப வந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கினேன், பொத்தான் அப்படியே இருக்கிறது. பேரப்பிள்ளைகளை வீடியோவில் பார்ப்பதால் பொத்தான் போனுக்கு மாறவும் விருப்பமில்லை.

அழைப்பு எடுப்பதுதான் போனின் முதல் வேலை. வயதானவர்களின் கை பழகியதை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றுவது பெரிய அநியாயம்.

பெரிய பச்சைப் பொத்தானோடு, தள்ளத் தேவையில்லாமல், விளம்பரமும் வராத அழைப்புச் செயலி எதையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாவிக்கிறார்களா?