டிரெய்லர் கூரையில் சோலார் பேனல்: பிராக்கெட் தூக்குகிறது, ஆம்பும் வரவில்லை, யாராவது உதவுங்களேன்

லோன்ஸ்டார்_இட்லி

வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். 26 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். கூரை வெள்ளை ரப்பர், இபிடிஎம் என்று வண்டிக் காகிதத்தில் இருக்கிறது. பழைய சொந்தக்காரர் 200 வாட் பேனல் இரண்டு போட்டு வைத்திருந்தார், அதைப் பார்த்துத்தான் இந்த வண்டியையே எடுத்தோம். ஒரு ஸ்க்ரூ கூட இல்லை. பிராக்கெட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் தடிமனான டேப், சுற்றிலும் சீலன்ட், அவ்வளவுதான். "கூரையில ஓட்டையே போடலை, அதனால ஒழுகவே ஒழுகாது" என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

நேற்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். முன்பக்கம் இடது பிராக்கெட்டைக் கையால் லேசாகத் தூக்கினால் டேப் விடவில்லை, ரப்பரே சேர்ந்து பூரி மாதிரி உப்புகிறது. அதற்கு நேர் கீழே உள் சீலிங்கில் மஞ்சளாக ஒரு கறை இருக்கிறது, பழசா புதுசா தெரியவில்லை.

இன்னொரு தொல்லை. 400 வாட் பேனல் இருந்தும் நல்ல உச்சி வெயிலில் பேட்டரிக்கு 9.5 ஆம்புக்கு மேல் போகவே இல்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைப் பார்த்துக்கொள்ள வண்டியோடு வந்த சின்ன பிடபிள்யூஎம் கன்ட்ரோலர்தான் இருக்கிறது. பேனலைத் துடைத்தும் பார்த்தாச்சு.

வசந்த காலத்தில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா போக ஆசை. அங்கே காட்டன்வுட் கேம்ப்கிரவுண்டில் ஜெனரேட்டர் போடக்கூடாது, அதனால் இன்னும் இரண்டு பேனல் வாங்கி 800 வாட் ஆக்கிவிடலாம் என்று பார்க்கிறேன். புதுசையும் டேப்பிலேயே ஒட்டலாமா, ஸ்க்ரூ போடணுமா? ரப்பரில் ஓட்டை போட நினைத்தாலே கை நடுங்குகிறது.

கூரைமேல்_பூனை

முதல் வேலை, அந்த வண்டியை இப்படியே ஹைவேயில் எடுக்காதீங்க தம்பி. பேனலைக் கழற்றி இறக்கி வைத்துவிட்டு மீதியைப் பேசலாம்.

அந்த டேப் மட்டமான சரக்கு இல்லை. ஃபைபர்கிளாஸ் கூரையிலோ அலுமினியக் கூரையிலோ ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் அங்கே மேல்பரப்பே கெட்டியான பாகம். உங்கள் கூரையில் ரப்பர் வெறும் தோல்தான். அடியில் சுமார் 3/8 அங்குலப் பலகை, பெரும்பாலும் ஓஎஸ்பி (மரச்சீவலை அழுத்தி ஒட்டிய பலகை), அதன்மேல் ரப்பரைப் பசை போட்டு விரித்திருப்பார்கள். டேப் ரப்பரைப் பிடித்திருக்கிறது சரி, ரப்பர் பலகையை எவ்வளவு பிடித்திருக்கிறது? அந்தப் பசையெல்லாம் ரப்பர் நகராமல் கிடப்பதற்குத்தான், பேனலைக் காற்றில் பிடித்து நிறுத்த இல்லை.

கணக்கு சொல்கிறேன். 200 வாட் பேனல் சுமார் 11 சதுர அடி. 65 மைல் வேகத்தில் காற்றழுத்தம் சதுர அடிக்கு 11 பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி, அதாவது ஒரு பேனலுக்கு 120 பவுண்டு பக்கம். எதிர்க்காற்று 20 மைல் சேர்ந்தால் 200 பவுண்டைத் தொடும். எல்லாமே தூக்கு விசையாக மாறாது, ஆனால் பெரிய டிரக் ஒன்று பக்கத்தில் கடக்கும்போது வரும் அடியை நினைத்தால் அந்த எண்ணை வைத்துத்தான் யோசிக்கணும். பேனல் பறந்து போனால் நஷ்டம் உங்கள் பணத்தோடு நிற்காது, பின்னால் வருகிறவன் கண்ணாடியில் போய் விழும்.

ஸ்க்ரூதான் போடணும். அதுவும் பலகையில் மட்டும் இல்லை, அதற்கு அடியில் கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம், அதாவது ராஃப்டரில் ஏறணும். ஒழுகுமோ என்று பயப்படாதீங்க. ஏசி, வென்ட், ஏணி, ஆன்டெனா என்று கம்பெனிக்காரன் ஏற்கெனவே போட்ட ஓட்டை உங்கள் கூரையில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்க.

ஃபீனிக்ஸ்வாசி

பூனையார் கூரையைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் ஆம்ப் பக்கம் வருகிறேன். இரண்டு கேள்வி. பேனல் இரண்டும் சீரியஸா பேரலலா? அளந்த நேரத்தில் பேட்டரி எத்தனை வோல்ட்? பேட்டரி நிறைந்திருந்தால் ஆம்ப் குறையத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

லோன்ஸ்டார்_இட்லி

நன்றி அண்ணா, நாளைக்கே இறக்கிவிடுகிறேன்.

அக்கா, ஒரு பேனலின் பிளஸ் அடுத்ததன் மைனஸில் போகிறது, அப்படியென்றால் சீரியஸ்தானே? பேட்டரி லெட் ஆசிட், 6 வோல்ட் இரண்டு. காலையில் 12.3 இருந்தது, அளந்தபோது 13.1. ஒயர் இரண்டும் ஃபிரிட்ஜ் வென்ட் வழியாக உள்ளே இறங்குகிறது.

ஃபீனிக்ஸ்வாசி

அப்போ காரணம் கிடைத்துவிட்டது. பேனலும் நல்லா இருக்கிறது, கன்ட்ரோலரும் நல்லா இருக்கிறது, ஜோடிதான் தப்பு.

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வோல்ட்டை மாற்றித் தராது. பேனலை நேராகப் பேட்டரியோடு கோர்த்து விடுகிற சுவிட்ச் அது, பேனலின் வோல்ட் பேட்டரி வோல்ட்டுக்கே இறங்கிவிடும். சீரியஸில் வோல்ட் இரட்டிப்பாகும், ஆம்ப் ஒரு பேனலின் ஆம்ப்தான். இரட்டிப்பான வோல்ட் முழுக்க வீண். கையில் வருவது 9.5 ஆம்ப் x 13 வோல்ட், 125 வாட்டுக்குக் கிட்டே. 400 வாட்டில் மீதி எங்கே போனது என்றால், எங்கேயும் போகவில்லை, பேனலை விட்டு எடுக்கவே இல்லை. எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் என்றால் அந்த அதிக வோல்ட்டை ஆம்பாக மாற்றித் தரும், அதனால் அங்கே சீரியஸ் நல்லது.

பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பேனலை இறக்கியதும் முற்றத்தில் வைத்து, ஒய் கனெக்டர் போட்டு இரண்டையும் பேரலல் ஆக்கிப் பாருங்க. கன்ட்ரோலர் 20 ஆம்பைத் தாங்குமா என்று முதலில் லேபிளில் பார்த்துக்கொள்ளணும். வெயிலில் பேனல் ஒயரின் எம்சி4 பிளக்கைக் கரண்ட் ஓடும்போது பிடுங்காதீங்க, டிசி ஆர்க் (தீப்பொறி) அடித்துவிடும். மேலே தடிமனாகப் போர்வை போட்டு மூடிவிட்டுக் கை வையுங்க. கழற்றும்போது பேனல் முதலில், பேட்டரி கடைசியில். மாட்டும்போது நேர் எதிர்.

இன்னொன்று, ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற வகை என்றால் வென்டுக்குள்ளே சூடான புகைக்குழாய் போகும். ஒயர் அதைத் தொடாமல் ஓரமாகக் கிளிப் போட்டிருக்கிறதா பாருங்க. மற்றபடி வென்ட் வழி இறக்கியது நல்ல யோசனை, கூரையில் ஒரு ஓட்டை மிச்சம்.

ஓரம்போ

எதுக்கு இவ்வளவு பாடு? வளையும் பேனல் வாங்கிக் கூரையோடு ஒட்டிவிட்டால் காற்றும் பிடிக்காது, பிராக்கெட்டும் வேண்டாம். என் நண்பர் வேனில் அப்படித்தான் போட்டிருக்கிறார்.

கூரைமேல்_பூனை

ரப்பர் கூரையில் வேண்டவே வேண்டாம். வேன் என்றால் இரும்புத் தகடு, அந்தக் கதை வேறு. டெக்சஸ் வெயிலில் அடியில் காற்று போகாமல் ஒட்டினால் பேனலும் வேகும், ரப்பரும் வேகும். சாதாரணப் பேனலுக்கே சூடு ஆகாது, 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். செல் 65 டிகிரியில் இருந்தால் 14 சதவீதம் போச்சு. அடியில் ஒன்றரை, இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால்தான் மூச்சு விடும். தவிர வளையும் பேனல் கெட்டுப்போனால் அதைப் பிய்க்கும்போது கூரைத் தோலும் கூடவே வரும். உங்கள் ஊரில் ஆலங்கட்டி வேறு விழும், கண்ணாடிப் பேனல் அதைத் தாங்குகிற அளவுக்கு இது தாங்காது.

லோன்ஸ்டார்_இட்லி

பேனலை இறக்கியாச்சு. அக்கா சொன்னபடி பேரலல் போட்டதும் 18 ஆம்ப்!! வீட்டுக்காரம்மா "இதுக்கா இன்னும் ரெண்டு பேனல் வாங்கணும்னு நின்னீங்க" என்று கேட்கிறார், பதில் இல்லை.

கூரைதான் சரியில்லை. உப்பிய இடத்தை அழுத்தினால் மற்ற இடத்தை விட மெத்தென்று இருக்கிறது. மேலே தெரிகிற ரப்பரில் கிழிசல் இல்லை, டேப் ஓரத்தில் மட்டும் ஒரு அங்குல வெட்டு.

கூரைமேல்_பூனை

அந்த ஒரு அங்குலம் போதும். ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் வாங்கி உள்பக்கம் சீலிங் கறையில் குத்திப் பாருங்க, கறை இல்லாத இடத்திலும் குத்தி ஒப்பிடுங்க. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஈரம் இன்னும் உள்ளே நிற்கிறது. இதை முடிக்காமல் மேலே பிராக்கெட் மாட்டினால் ஸ்க்ரூ கடிக்க மரமே இருக்காது.

ரப்பரை அங்கே பிளஸ் வடிவில் வெட்டித் திறங்க. பலகை கறுத்து உதிர்கிறது என்றால் கெட்டியான, காய்ந்த மரம் தென்படும் வரை அறுத்து எடுங்க. புதுத் துண்டின் ஓரம் ராஃப்டர் மேல் உட்காரணும், இல்லையென்றால் அடியில் கட்டை கொடுங்க. நன்றாகக் காய விட்டபிறகு ரப்பரை மடித்து ஒட்டி, மேலே எட்டர்னாபாண்ட் டேப் அல்லது இபிடிஎம் பேட்ச். பழைய டேப் மிச்சத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்காதீங்க, ரப்பர் கிழியும். நகராததை அப்படியே விட்டு மேலே பேட்ச் போடுவது புத்திசாலித்தனம். சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய வகைக் கரைப்பானும் சிட்ரஸ் கிளீனரும் இபிடிஎம்முக்கு எதிரி. சிலிக்கான் பக்கமே போகாதீங்க, ரப்பரில் சரியாகப் பிடிக்காது, பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது.

நடக்கும்போது ஒட்டுப்பலகைத் துண்டு போட்டு அதன்மேல் நட, மண்டி போடு, எதுவானாலும் பாரம் பரவட்டும்.

லோன்ஸ்டார்_இட்லி

மீட்டர் 24 காட்டியது, மற்ற இடத்தில் 11. ஞாயிற்றுக்கிழமை திறக்கப் போகிறேன். அண்ணா, ராஃப்டர் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டிக் கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை.

டெட்ராய்ட்_சுடுகாப்பி

இதுக்கு நான் சொல்கிறேன். விடியற்காலை பனித்துளி படிந்த கூரையை ஏணியிலிருந்து சாய்வாகப் பாருங்க. ராஃப்டர் இருக்கும் இடமும் நடுவில் இன்சுலேஷன் இருக்கும் இடமும் ஒரே மாதிரி குளிராது, அதனால் குறுக்கே கோடு கோடாகத் தெரியும். எங்கள் ஊரில் உறைபனி விழுந்தால் இன்னும் தெளிவாக வரும். சாக்பீஸால் குறித்துவிட்டு, உள்ளே இருந்து காந்தத்தை வைத்து ஸ்க்ரூ, ஸ்டேபிள் வரிசை பிடித்துச் சரிபார்க்கலாம். 16 அங்குலத்துக்கு ஒன்று, சில வண்டியில் 24. எப்படியும் திறக்கத்தானே போகிறீங்க, அங்கே ஒரு ராஃப்டர் கண்ணுக்கே தெரியும், அதிலிருந்து அளந்து போங்க. மரமா அலுமினியக் குழாயா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அலுமினியம் என்றால் மர ஸ்க்ரூ பிடிக்காது, அதற்கென்று தனி ஸ்க்ரூ.

கூரைமேல்_பூனை

அருமை. அடுத்து வரப்போகும் தலைவலியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பேனலின் நாலு பிராக்கெட்டும் ராஃப்டர் மேல் போய் விழாது. இரண்டு விழும், மற்ற இரண்டு அந்தரத்தில் நிற்கும். அதனால் எல் வடிவ அலுமினியப் பட்டையை, அதாவது ஆங்கிளை, முன்பின்னாக நீளவாக்கில் போட்டு, குறுக்கே ஓடும் ராஃப்டர் எங்கே வருகிறதோ அங்கே மட்டும் சின்னக் கால் வைத்து இறக்குங்க. பேனலை ஆங்கிளில் மாட்டிக்கொள்ளலாம். ஆங்கிளைக் கூரையோடு படுக்க வைக்காதீங்க, மழைத்தண்ணீர் பக்கவாட்டில் வடிய வழியில்லாமல் அதன் ஓரமாக நிற்கும்.

ஒவ்வொரு காலுக்கும் அடியில் களிமண் மாதிரி பிசுபிசுப்பான ப்யூடைல் டேப், முதலில் சின்னதாகத் துளை, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ப்யூடைல் ஓரத்தில் பிதுங்கும் வரை முறுக்கணும். பவர் டிரில்லால் விர்ரென்று ஏற்றினால் மரத்தில் மரையே போய்விடும், கடைசிச் சுற்று கையால்தான். அதன்மேல் தானே பரவும் டைகோர் சீலன்டை ஸ்க்ரூ தலையும் காலின் ஓரமும் மறையும்படி ஊற்றுங்க. தோல் சீக்கிரம் கட்டிவிடும், உள்ளே முழுசாக இறுக ஒரு மாதம் வரை ஆகும். சரிவான இடத்தில் பரவும் வகை வழிந்து ஓடும், அங்கே வழியாத வகை. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மேலே ஏறி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை உங்களுக்கு ஆயுள் முழுக்க உண்டு.

ஓரம்போ

நாலு பேனல் போடும்போது நாலையும் சீரியஸில் போட்டு 100 வோல்ட் எம்பிபிடி வாங்கிட்டால் ஒயர் மெல்லிசா போதுமே?

ஃபீனிக்ஸ்வாசி

கன்ட்ரோலர் செத்துவிடும் ஐயா. பேனல் ஒன்றுக்கு ஓப்பன் சர்க்யூட், அதாவது எதிலும் மாட்டாதபோது வரும் வோல்ட், 24 என்று வைத்தால் நாலு சேர்ந்து 96, பார்க்க 100-க்குள் இருக்கிறது. அந்த 24 என்பது 25 டிகிரி செல்சியஸில் எடுத்த அளவு. குளிர ஆரம்பித்தால் டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம் ஏறும். டல்லாஸில் மைனஸ் 10 வரும் காலையில் 35 டிகிரி வித்தியாசம், 10 சதவீதத்துக்கு மேல், மொத்தம் 106 வோல்ட். சூரியன் எட்டிப் பார்க்கும் அந்தக் காலையில்தான் கதை முடியும்.

நாலையும் பேரலல் போட்டாலும் 40 ஆம்ப், 10 கேஜ் ஒயருக்கும் ஒய் கனெக்டருக்கும் அது அதிகம். இரண்டிரண்டாக சீரியஸ், அந்த இரண்டு ஜோடியையும் பேரலல். குளிரிலும் 55 வோல்ட்டைத் தாண்டாது, ஆம்ப் 20-தான், ஒயர் மாற்ற வேண்டாம். இரண்டு ஜோடிதான் என்பதால் ஜோடிக்கு ஜோடி ஃப்யூஸும் தேவையில்லை, மூன்றாவது சேர்த்தால் தேவை. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் மட்டும், பேட்டரிக்குப் பக்கத்தில், ஃப்யூஸ் கட்டாயம். 800 வாட்டுக்கு 50 ஆம்ப் எம்பிபிடி சரியாக இருக்கும்.

ஜோடி சேர்ப்பதில் ஒரு விஷயம். ஏசி டப்பாவின் நிழல் எந்த இரண்டு பேனலில் விழுமோ அந்த இரண்டையும் ஒரே ஜோடியில் போடுங்க. நிழல் வந்தால் அந்த ஜோடி மட்டும் படுக்கும், மற்றது முழுசாக ஓடும். ஆளுக்கொன்றாகப் பிரித்துப் போட்டால் ஒரே நிழலில் இரண்டு ஜோடியும் கெடும்.

அப்புறம் காட்டன்வுட் என்ற பெயரிலேயே மரம் இருக்கிறது. மரத்தடியில் நிறுத்தினால் 800 வாட்டும் 80 வாட்டும் ஒன்றுதான், இடம் பார்த்து நிறுத்துங்க.

லோன்ஸ்டார்_இட்லி

திறந்தாச்சு. முன் மூலையில் ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் பலகை கறுத்திருந்தது, ராஃப்டர் மரம், நல்லவேளை தப்பியது. துண்டு மாற்றிக் காய வைத்திருக்கிறேன், மீட்டர் 13-க்கு இறங்கியதும் பேட்ச். எம்பிபிடி ஆர்டர் போட்டாச்சு, புதுப் பேனல் இப்போதைக்கு இல்லை, ஆனால் ஆங்கிளை மட்டும் நாலு பேனல் நீளத்துக்கு வெட்டிக்கொள்கிறேன். சாய்த்து நிறுத்தும் வகை பிராக்கெட் வாங்கலாமா?

கூரைமேல்_பூனை

குளிர்காலத்தில் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்பீங்க என்றால் வாங்குங்க. இரண்டு நாளைக்கு ஒரு ஊர் என்றால் யாரும் ஏறிச் சாய்ப்பதில்லை, சாய்த்ததை மறந்து வண்டியை எடுத்தவர்கள்தான் உண்டு.

மயாமி_மோர்

நடுவில் நுழைகிறேன், எனக்கு ஃபைபர்கிளாஸ் கூரை. அப்போ எனக்கு டேப் ஓகேவா?

கூரைமேல்_பூனை

ஓகே, ஆனால் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் பசை விட்டிருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்க, டொக் டொக் என்று காலியாகச் சத்தம் வந்தால் உங்களுக்கும் ஸ்க்ரூதான். வண்டி மாடலும் ஃபோட்டோவும் போட்டுத் தனியாகக் கேளுங்க, இங்கேயே பேசினால் இட்லித் தம்பி குழம்பிவிடுவார்.